காத்து எந்தப் பக்கம் அடிக்குது? டெக்சாஸ்ல விடிகாலையில கயோட்டிய குரல் குடுத்து வரவழைக்கிறது எப்படி

கயோட்டி ஹண்டிங் ஆரம்பிக்கிற நம்ம ஆளுங்க முதல்ல கேக்கறது எல்லாம் ஒரே கேள்விதான், எந்த சவுண்டு போட்டா வரும், எந்த காலர் மெஷின் (மிருக சத்தம் போட்டுக் கூப்பிடற மெஷின்) வாங்கணும், முயல் சத்தமா ஊளையா குருவி சத்தமான்னு. நான் ஆறு சீசனா மேற்கு டெக்சாஸ்ல சான் ஏஞ்சலோ, சோனோரா பக்கம் ஆட்டு ராஞ்சுகளுக்கு (பெரிய மேய்ச்சல் பண்ணை) போய்ட்டு வர்றேன், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சவுண்டுங்கறது நாலாவது அஞ்சாவது விஷயம். காத்து எந்தப் பக்கம் போகுது, நீங்க எங்க உக்காந்திருக்கீங்க, அந்த இடத்துக்கு எப்படி நடந்து போனீங்க, இந்த மூணும் சரியா இருந்தா சுமாரா ஊதினாலும் வரும். இந்த மூணுல ஒண்ணு தப்பினா எவ்வளவு காஸ்ட்லியான மெஷின் வெச்சிருந்தாலும் அது உங்களைப் பாத்துட்டுப் போயிடும், நீங்க அதைப் பாக்கவே மாட்டீங்க. அதனால இந்தப் பதிவுல பாதி காத்தைப் பத்திதான் இருக்கும், சவுண்டு பின்னாடி வருது.

கயோட்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நம்ம ஊர் நரியோட சொந்தக்காரன்னு வெச்சுக்கங்க, அதை விட கொஞ்சம் பெருசு, காலு நீளம், காது நீளம், வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடும். இந்தப் பக்கத்து கயோட்டி பத்துல இருந்து பதினஞ்சு கிலோ இருக்கும், குளிர்கால முடியோட பாத்தா இருபத்தஞ்சு கிலோ மாதிரி தெரியும், ஆனா அதுல பாதி வெறும் முடிதான். (சுடறதப் பத்திப் பேசறப்ப இது திரும்ப வரும்.) ராஞ்சுல யாரும் கயோட்டின்னு சொல்ல மாட்டாங்க, கடைசி எழுத்தை முழுங்கிட்டு "கையோட்"னுதான் சொல்லுவாங்க. காடும் நமக்குப் பழகின காடு மாதிரியேதான் இருக்கும், இங்க இருக்கற மெஸ்கீட் மரம் நம்ம ஊர் சீமைக்கருவேலத்துக்கு அக்கா தங்கச்சி உறவு, அதே முள்ளு, அதே காய். கீழ பூராவும் சப்பாத்திக்கள்ளி. முதல் தடவை போனப்ப ராமநாதபுரத்துக் கம்மாய்க்கரையில நிக்கற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

துப்பாக்கியத் தொடறதுக்கு முன்னாடி பேப்பர் வேலைய முடிச்சிடுங்க. டெக்சாஸ்ல கயோட்டிக்கு சீசன் கிடையாது, எத்தனைங்கற கணக்கும் கிடையாது, ஆனா ஹண்டிங் லைசென்ஸ் வேணும். ஆடு மாட்டை அடிக்கிற கயோட்டிக்கு மட்டும் லைசென்ஸ் இல்லாம சுட விதிவிலக்கு இருக்கு, அதை நம்பி நாம போகக்கூடாது. ஆறு மாசத்துக்கு மேல இங்க குடியிருந்தா ரெசிடென்ட் லைசென்ஸ், 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும், பதினேழு வயசு ஆயிட்டா முழுசா ஆன்லைன்லயே முடிக்கலாம். கடமைக்கு முடிக்காதீங்க, உக்காந்து படிங்க, வேலியத் தாண்டறப்ப துப்பாக்கிய எப்படி வெக்கணும்ங்கறது எல்லாம் அதுலதான் இருக்கு.

இப்ப சொல்றதை நம்ம ஆளுங்க கண்டிப்பா கவனிக்கணும். எச்1பி, எஃப்1 மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கறது அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி தடை. செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் கையில இருந்தா அது ஒரு விதிவிலக்கு, லைசென்ஸ் காலாவதி ஆச்சுன்னா விதிவிலக்கும் போச்சு. "நான் வாங்கல, ஃப்ரெண்டோடதை வாங்கி ரெண்டு நிமிஷம் பிடிச்சேன்"னு சொன்னாலும் கையில வெச்சிருந்ததாத்தான் அர்த்தம். இதுல தப்பு பண்ணினா ஃபைன் கட்டிட்டு வர்ற கதை இல்ல, விசா, கிரீன் கார்டு எல்லாத்துக்கும் ஆபத்து. ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசிட்டு அப்புறமா கிளம்புங்க. இதே மாதிரி, இங்க படிச்சதை ஊருக்குப் போய் நரிகிட்ட முயற்சி பண்ணலாம்னு யாரும் நினைக்காதீங்க, இந்தியாவுல 1972 வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.

இடம். டெக்சாஸ்ல நிலம் பெரும்பாலும் தனியார் நிலம், அதனால ராஞ்ச்காரர்கிட்ட அனுமதி வாங்கியே ஆகணும். ரோட்டு ஓரத்துல வண்டிய நிறுத்திச் சுடறது சட்டவிரோதம். எனக்குக் கிடைச்ச அனுமதி எப்படின்னா ஒருத்தருக்கு ரெண்டு சனிக்கிழமை கம்பி வேலி கட்ட ஒத்தாசைக்குப் போனேன், மூணாவது வாரம் அவரே "நீ சுடுவியா"ன்னு கேட்டார். எழுபது வயசு தாண்டினவர், வெள்ளாடும் செம்மறியும் வெச்சிருக்கார். ஆடு குட்டி போடற நேரத்துல ஒரு ராத்திரியில ரெண்டு குட்டி போனா அவருக்கு என்ன நஷ்டம்ங்கறது அங்க நின்னு பாத்தாதான் புரியும். நம்ம ஊர்ல கிடை போடற கீதாரிங்க நரிக்குப் பயந்து ராத்திரி பூரா தூங்காம கிடக்கறதும் இதேதான்.

அனுமதி வாங்கறப்பவே மூணு விஷயம் கேட்டு வெச்சுக்கங்க. அன்னைக்கு ராஞ்சுக்குள்ள வேற யார் யார் இருப்பாங்க, ஆடு மாடு எந்தப் பக்கம் மேயுது, காவல் நாய் இருக்கா. இந்த நாய் விஷயம் ரொம்ப ரொம்ப முக்கியம். ஆட்டு ராஞ்சுகள்ல கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்டு மாதிரி நாய்ங்க ஆட்டோட ஆடா காட்டுலயே கிடக்கும். பிரனீஸ் வெள்ளையா இருக்கும், தூரத்துலயே தெரிஞ்சிடும், அனடோலியன் அப்படி இல்ல, மங்கின வெளிச்சத்துல கயோட்டி நிறத்துலயே தெரியும், நீங்க போடற முயல் சத்தத்துக்கு அதுவும் என்னன்னு பாக்க வரும். கயோட்டின்னு நூத்துக்கு நூறு தெரியாம ஸ்கோப்பைக்கூட (துப்பாக்கி மேல மாட்டற தொலைநோக்கி) அந்தப் பக்கம் திருப்பாதீங்க. அடையாளம் பாக்க கழுத்துல ஒரு பைனாகுலர் தொங்கணும், ஸ்கோப் வழியா பாக்கறதுன்னா துப்பாக்கியக் குறி வெச்சுப் பாக்கற மாதிரிதானே.

ஏன் விடிகாலை? ராத்திரி பூரா இரை தேடிட்டு கயோட்டி படுக்கற இடத்துக்குத் திரும்பற நேரம் அது, இன்னும் கொஞ்சம் பசி இருக்கும், நடமாட்டத்துல இருக்கும், காத்தும் பெருசா எழும்பியிருக்காது. காத்து இல்லாத குளிர் காலையில சத்தம் ஒரு மைல் வரைக்கும் போகும். வெயில் ஏறி ஒன்பதரை பத்து ஆச்சுன்னா அது புதருக்குள்ள படுத்துடும், காத்தும் ஆரம்பிச்சிடும். அதனால வெளுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி நீங்க உக்கார வேண்டிய இடத்துல உக்காந்திருக்கணும். விடிஞ்சப்புறம் கேட்டைத் திறந்துக்கிட்டு உள்ள போனீங்கன்னா முதல் ஸ்டாண்டு (ஒரு இடத்துல உக்காந்து சத்தம் குடுக்கறது ஒரு ஸ்டாண்டு) போச்சுன்னு வெச்சுக்கங்க, அன்னைக்கு இருக்கறதுலயே நல்ல ஸ்டாண்டு அதுதான்.

முடிஞ்சா முந்தின நாள் பொழுது சாய்ஞ்சப்புறம் இல்லன்னா விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கலீச்சி ரோட்டுல (வெள்ளைச் சுண்ணாம்புக்கல் போட்ட ரோடு, ராஞ்ச் பூரா அதுதான்) வண்டிய நிறுத்தி, இஞ்சின் ஆஃப் பண்ணிட்டு காதைத் தீட்டிக்கிட்டு நில்லுங்க. தானா ஊளையிட்டா நல்லது, இல்லன்னா ஒரு ஊளை விட்டுப் பாருங்க, பதில் வரும். ரெண்டு மூணு கயோட்டி சேந்து கத்தினா பத்துப் பதினஞ்சு இருக்கற மாதிரி கேக்கும், ஏமாந்துடாதீங்க. எந்தத் திசைன்னு மட்டும் குறிச்சுக்கிட்டா போதும், அது பக்கத்துலயே போய் உக்கார வேண்டாம்.

இப்ப காத்து. கயோட்டி கண்ணால பாத்துட்டு சந்தேகப்பட்டா நின்னு யோசிக்கும், காதால கேட்டு சந்தேகப்பட்டாலும் யோசிக்கும், மூக்குல மனுஷ வாடை ஏறிடுச்சுன்னா யோசிக்கவே யோசிக்காது, அவ்வளவுதான், போயிடும். அதனால நீங்க சத்தம் குடுத்தா நேரா உங்ககிட்ட ஓடி வராது (சின்ன வயசு கயோட்டி மட்டும் வரும்), சுத்திக்கிட்டு காத்து போற பக்கத்துக்கு வந்து, அங்க நின்னு வாடை பிடிச்சு, நிஜமாவே முயல்தானான்னு உறுதி பண்ணிக்கிட்டுதான் கிட்ட வரும். இந்த சுத்தலை நீங்க தடுக்க முடியாது. அது சுத்தி வர்ற வழிய நீங்க பாக்கற மாதிரி உக்காரலாம், அது வாடைக்குள்ள காலை வெக்கறதுக்கு முன்னாடி திறந்த வெளியில வந்து நிக்கற மாதிரி பண்ணலாம். இந்த வேட்டையோட மொத்த வித்தையும் இதுதான்.

எப்படின்னா, காத்து உங்க இடது கன்னத்துல அடிக்குதுன்னு வெச்சுக்கங்க, அப்ப அது வலது பக்கமா போகுது. காலர் மெஷினை உங்களுக்கு இடது பக்கம், காத்து வர்ற பக்கம், முப்பது நாப்பது யார்டு தள்ளி ஒரு புதர் அடியில வைங்க. கயோட்டி சத்தத்துக்கு காத்து போற பக்கம் சுத்தி வரணும்னா உங்களுக்கு முன்னாடிதான் குறுக்க கடந்து போகணும். உங்க வலது பக்கம் நூறு நூத்தம்பது யார்டுக்கு கண்ணுக்கு மறைவு இல்லாத இடமா இருக்கணும், ஒரு சென்டெரோவோ (புதரை வெட்டி நீளமா பாதை மாதிரி விட்டிருப்பாங்க), குட்டைக் கரையோ, மேய்ச்சல் வெளியோ. வலது பக்கம் பூரா அடர்ந்த ஜூனிபர் புதரா இருந்தா அந்த இடம் வேண்டாம், எழுந்து வேற இடம் பாருங்க, எவ்வளவு அழகான இடமா இருந்தாலும் சரி. ரெண்டு பேரா போனா இன்னொருத்தர் அந்த வலது பக்கத்தைப் பாத்து ஷாட்கன்னோட (கிட்டத்துல சுட, குண்டு சிதறற துப்பாக்கி) உக்காரலாம், ஆனா அவர் எங்க இருக்கார்னு உங்களுக்கும் நீங்க எங்க இருக்கீங்கன்னு அவருக்கும் தெரியணும், உக்காந்தப்புறம் யாரும் இடம் மாறக்கூடாது.

காத்து பாக்க விரல்ல எச்சில் தொட்டுப் பாத்தா பத்தாது. ஒரு சின்ன அமுக்குற பாட்டில்ல டால்கம் பவுடர் போட்டு வெச்சுக்கங்க, ஒரு அமுக்கு அமுக்கினா பொடி எந்தப் பக்கம் மிதந்து போகுதுன்னு தெரியும், உக்காந்தப்புறமும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. பள்ளத்தாக்கு, ஓடை மாதிரி இடங்கள்ல இன்னொரு விஷயம் இருக்கு. விடிகாலையில குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால மேட்டுல இருந்து பள்ளத்துக்குத் தண்ணி மாதிரி வழிஞ்சு இறங்கும், வெயில் பட்டு தரை சூடானதும் அப்படியே திரும்பி மேல ஏறும். ரெண்டாவது சீசன்ல இதை எனக்கு யாரும் சொல்லல. ஒரு ஓடைக்கு மேல உக்காந்து ஏழு மணிக்கு ஆரம்பிச்சேன், காத்து சரியா இருந்துச்சு, நல்லா ஊதினேன், கால் மணி நேரம் கழிச்சு முதுகுக்குப் பின்னாடி நாப்பது அடியில "ஊஃப்"னு ஒரு குரைப்பு, திரும்பறதுக்குள்ள வாலு மட்டும் தெரிஞ்சுது. வெயில் ஏறினதும் என் வாடை மேட்டுக்கு ஏறிப் போயிருக்கு, மேட்டுல இருந்தது அதைப் பிடிச்சிக்கிட்டே இறங்கி வந்து நான் யாருன்னு பாத்துட்டுப் போயிருக்கு. அந்த இடத்துல அந்த வருஷம் பூரா ஒரு கயோட்டியும் எனக்கு வரல.

மணிக்கு பதினஞ்சு மைலுக்கு மேல காத்து அடிச்சா நான் கிளம்பறதில்ல, சத்தமும் போகாது, அதுங்களும் வெளிய வராது.

வண்டிய கால் மைலுக்கு முன்னாடியே, ஒரு மேட்டுக்குப் பின்னாடியோ புதருக்குப் பின்னாடியோ நிறுத்துங்க. கதவை அடிச்சு சாத்தாதீங்க, மெதுவா அமுக்கி விடுங்க. சாவி, சில்லறை எதுவும் பாக்கெட்ல குலுங்கக்கூடாது, போன் வைப்ரேட்லகூட வேண்டாம். நடக்கறப்ப மேட்டு உச்சியில வானத்துக்கு எதிரா உங்க உருவம் தெரியாம சரிவோடயே போங்க, காத்து உங்க வாடைய எந்தப் பக்கம் கொண்டு போகுதோ அந்தப் பக்கத்துலதான் கயோட்டி படுத்திருக்கும்னா வழிய மாத்திச் சுத்திப் போங்க, கூட இருபது நிமிஷம் ஆனாலும் பரவால்ல. உக்காரறப்ப புதருக்குப் பின்னாடி ஒளியாதீங்க, புதருக்கு முன்னாடி அது நிழல்ல உக்காருங்க. பின்னாடி உக்காந்தா ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாக்கணும், அந்த அசைவுதான் காட்டிக் குடுக்கும். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருந்தா இன்னும் நல்லது, அதுக்குக் கண்ணு கூசும், உங்களுக்குக் கூசாது. முகத்துக்கு வலைத்துணி, கைக்கு கிளவுஸ், ஏன்னா அசையறது கையும் முகமும்தான். உக்கார ஒரு குஷன் கண்டிப்பா எடுத்துக்கங்க, கள்ளி முள்ளு மேல இருபது நிமிஷம் ஆடாம யாராலயும் உக்கார முடியாது. வெயில் காலமா இருந்தா உக்காரறதுக்கு முன்னாடி குச்சியால சுத்திலும் தட்டிப் பாருங்க, டைமண்ட்பேக் விரியன் இந்தப் பக்கம் நிறைய.

துப்பாக்கி பத்தி நீளமா எழுத மனசில்ல, அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. 223 ரெமிங்டன் ரகத் தோட்டா போடற ரைஃபிள் போதும், 55 கிரெய்ன் எடை தோட்டா, 100 யார்டுல ஒன்றரை இன்ச் மேல அடிக்கிற மாதிரி ஸ்கோப்பை செட் பண்ணிட்டா 200 வரைக்கும் நேராவே குறி வெக்கலாம். 22-250, 243 ரகங்களும் நல்லதுதான். அடர்ந்த புதர்ல 12 கேஜ் ஷாட்கன், நாப்பது யார்டுக்குள்ள. ஸ்கோப் பவரைக் குறைச்சே வைங்க, மூணு நாலு போதும், ஒன்பதுல வெச்சுட்டு முப்பது யார்டுல வந்து நிக்கற கயோட்டியத் தேடினா வெறும் முடிதான் தெரியும். துப்பாக்கியத் தாங்க ஸ்டிக்ஸோ (ஊன்றுகோல்) ட்ரைபாடோ (முக்காலி) கட்டாயம், துப்பாக்கி அது மேல ஏறி, கயோட்டி வரும்னு எதிர்பாக்கற பக்கம் திரும்பி ரெடியா இருக்கணும், சேஃப்டி போட்டபடி.

சத்தத்துக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு, வாய்ல வெச்சு ஊதற ஊதல், இல்லன்னா ரிமோட்டோட வர்ற எலக்ட்ரானிக் காலர், ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி. இந்தக் கலைக்கு டெக்சாஸ் ஒரு தாய் வீடு மாதிரி, மார்பிள் ஃபால்ஸ்ல பர்ன்ஹாம் பிரதர்ஸ் ஊதல் பண்ணி வித்தாங்க, வேக்கோவுல ஜானி ஸ்டூவர்ட் நிஜ மிருகங்களோட சத்தத்தைப் பதிவு பண்ணி இசைத்தட்டா வித்தார். நம்ம பக்கமும் இது புதுசு இல்ல, நரிக்குறவர் பெரியவங்க எந்தக் கருவியும் இல்லாம தொண்டையாலயே நரி மாதிரி குரல் குடுத்து நரிய வரவழைச்சவங்க. மெஷினோட லாபம் என்னன்னா சத்தம் வர்ற இடத்துல நீங்க இல்ல, கயோட்டியோட கண்ணு அங்க இருக்கும். ஆனா ஊதலையும் கத்துக்கங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன், பேட்டரி செத்தாலும் ஊதல் சாகாது, அது நின்னு யோசிக்கறப்ப ஊதல்ல ஒரு சின்ன விம்மல் குடுத்து நகத்தறது மாதிரி ரிமோட்ல வராது. ஓப்பன் ரீட் ஊதல் (அதிர்ற தகடு வெளியில தெரியற மாதிரி இருக்கறது) வாங்குங்க, கஷ்டம்தான், ஆனா பல்லை எங்க வெச்சு அழுத்தறீங்கங்கறதைப் பொறுத்து ஒரே ஊதல்ல முயல், குட்டி, ஊளை எல்லாம் வரும். ஆபீஸ் போறப்ப கார்ல பழகுங்க. உயிர் போற முயல் எப்படிக் கத்தும், அந்தப் பயம் அந்த சத்தத்துல இருக்கணும், ராகமா ஊதினா வேலைக்கு ஆகாது.

உக்காந்ததும் உடனே ஆரம்பிக்காதீங்க, மூணு நிமிஷம் சும்மா இருங்க, காடு அடங்கட்டும், குருவிங்க திரும்பக் கத்த ஆரம்பிக்கட்டும். அப்புறம் சின்னதா, ரொம்ப சின்னதா ஒரு இருபது செகண்டு காட்டன்டெய்ல் முயல் சத்தம். ஏன் சின்னதா? நூறு யார்டுல ஒண்ணு படுத்திருந்தா ஃபுல் வால்யூம் அதை அலற வெச்சு ஓட விட்டுடும். ஒரு நிமிஷம் நிறுத்துங்க. திரும்ப முப்பது செகண்டு, கொஞ்சம் ஏத்தி. இப்படியே ஏத்திக்கிட்டுப் போய் எட்டாவது பத்தாவது நிமிஷத்துல ஜாக்ரேபிட் (பெரிய காட்டு முயல்) சத்தத்துக்கு மாத்துங்க, அது கரகரன்னு தூரம் போகும். கடைசி மூணு நிமிஷம் நாய்க்குட்டி வலியில கத்தற மாதிரி சத்தம், இது பசிக்காக வர்றது இல்ல, ஜோடியா இருக்கறதுங்க கோபத்துல வரும், முயலுக்கு அசையாத பழைய கயோட்டி நிறைய இதுக்கு எழுந்து வந்திருக்கு. எல்லாத்தையும் நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே இருங்க. எழுந்திரிக்கணும்னு இடுப்பு சொல்லும், எழுந்திரிக்காதீங்க, எழுந்து நின்னப்ப அறுபது யார்டுல நின்ன கயோட்டி ஓடறதை ரெண்டு தடவை பாத்தவன் சொல்றேன். மொத்தம் இருபது நிமிஷம்.

மாசத்தைப் பொறுத்தும் மாத்தணும். செப்டம்பர் அக்டோபர்ல அந்த வருஷத்துக் குட்டிங்க தனியா பிரிஞ்சு போற காலம், அனுபவம் இல்ல, பசி இருக்கு, முயல் சத்தமே போதும். டிசம்பருக்குள்ள உயிரோட இருக்கறது எல்லாம் நாலஞ்சு பேரோட ஊதலைக் கேட்டிருக்கும், அப்ப எல்லாரும் போடற முயலை விட்டுட்டு மரங்கொத்தி, எலி மாதிரி சத்தத்துக்குப் போங்க. ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் இணை சேர்ற காலம், இதுல ஊளைதான் ராஜா. ரெண்டு நீளமான தனி ஊளை, பதட்டம் இல்லாம, "நான் இங்க இருக்கேன், யாராவது இருக்கீங்களா"ங்கற மாதிரி. அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம் மௌனம். சண்டைக்குக் கூப்பிடற மாதிரி குரைச்சுக் குரைச்சு ஊளையிடறதை புதுசா ஆரம்பிக்கறவங்க விட்டுடுங்க, சின்னது எல்லாம் பயந்து ஓடிடும். கர்ப்பம் ரெண்டு மாசம், ஏப்ரல் மே மாசத்துல குகைக்குள்ள குட்டி இருக்கும். அந்த மாசங்கள்ல நான் போறதில்ல, தாய் செத்தா உள்ள இருக்கற குட்டி பட்டினியில சாகும். ராஞ்ச்காரருக்கு ஆட்டுக்குட்டி தினமும் போகுதுன்னா அது அவரோட முடிவு, அவர் கஷ்டம் எனக்குப் புரியுது, ஆனா என் பொழுதுபோக்குக்காக அதைச் செய்ய எனக்கு மனசு வரல.

வர்றதை எப்படிப் பாக்கறது? முழு கயோட்டியத் தேடாதீங்க. புல்லுக்கு மேல ரெண்டு காது, மெஸ்கீட் நிழல்ல படுத்த வாக்குல ஒரு கோடு, பறவை திடீர்னு எழும்பறது, மாடுங்க எல்லாம் ஒரே பக்கம் தலைய நிமித்திப் பாக்கறது. கண்ணை ஓட்டுங்க, தலைய ஓட்டாதீங்க. அது வந்துக்கிட்டு இருக்கறப்ப சத்தத்தை மாத்த வேண்டாம், வால்யூம மட்டும் குறைங்க. புதருக்குப் பின்னாடி போறப்பதான் நீங்க துப்பாக்கிய நகத்தணும். கடைசி எண்பது யார்டுல நின்னுட்டா புறங்கைய வாய்ல வெச்சு முத்தம் குடுக்கற மாதிரி "ச்சிக் ச்சிக்"னு உறிஞ்சுங்க, எலி சத்தம், அதுக்கு மேல எதுவும் தேவையில்ல.

சுடற இடத்துக்கு வந்ததும் ஒரு தடவை வாயால "வவ்"னு குரைங்க, நிக்கும், ரெண்டு மூணு செகண்டு கிடைக்கும். பக்கவாட்டுல நின்னா முன்னங்காலுக்குப் பின்னாடி, உடம்பு உயரத்துல கீழ இருந்து மூணுல ஒரு பங்குல. நேரா பாத்துக்கிட்டு நின்னா நெஞ்சு நடுவுல. முன்னாடி சொன்ன முடி விஷயம் இங்கதான், மேல் முதுகோட ஓரத்துல சுட்டா தோட்டா வெறும் முடிய உரசிட்டுப் போகும். ஓடறதை சுடாதீங்க. மூணாவது சீசன்ல ஓடிக்கிட்டு இருந்ததை அவசரப்பட்டு சுட்டேன், பின்னங்கால்ல பட்டுது, ரத்தத்தை வெச்சு ரெண்டு மணி நேரம் தேடினேன், கள்ளிக்காட்டுக்குள்ள போய் மறைஞ்சிடுச்சு. அது எத்தனை நாள் கிடந்து செத்துதோ, அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கல. அதுல இருந்து நிக்காததை, நூத்தம்பது யார்டுக்கு மேல இருக்கறதை சுடறதில்ல. அதே மாதிரி அதுக்குப் பின்னாடி மண் மேடு இருக்கான்னு பாருங்க, மேட்டு உச்சியில வானத்துக்கு எதிரா நிக்கறதை சுடவே கூடாது, அந்தப் பக்கம் எண்ணெய்க் கிணத்துல வேலை செய்யறவர் இருப்பார், வீடு இருக்கும், தோட்டா மைல் கணக்குல போகும்.

சுட்டு விழுந்ததும் எழுந்து ஓடாதீங்க. திரும்ப லோட் பண்ணிட்டு உடனே குட்டி கத்தற சத்தத்தைப் போடுங்க, ஜோடியில இன்னொண்ணு பக்கத்துலயே நிக்கும், பல தடவை திரும்பி வரும். அஞ்சாறு நிமிஷம் கழிச்சு முதுகுப் பக்கமா போய் நீளமான குச்சியால கண்ணைத் தொட்டுப் பாருங்க, இமை அசையலன்னாதான் உயிர் இல்ல. வெறும் கையால தொடாதீங்க, ரப்பர் கிளவுஸ் போடுங்க. உண்ணி, சொறி இருக்கும், அதை விட வெறிநோய். 1988ல தெற்கு டெக்சாஸ்ல கயோட்டி மூலமா வெறிநோய் பெருசா பரவிச்சு, 1995ல இருந்து விமானத்துல இருந்து தடுப்பு மருந்து வெச்ச இரைய மாநில அரசு காட்டுல தூவி, அந்த வகை வைரஸை ஒழிச்சாங்க, ஆனா ஸ்கங்க், நரி, வௌவால் வழியா வெறிநோய் இன்னும் இருக்கு. மனுஷனைப் பாத்து பயப்படாம தள்ளாடிக்கிட்டு வர்ற கயோட்டி கிட்ட போகாதீங்க. கடிபட்டா, இல்ல எச்சில் காயத்துல பட்டா சோப்புத் தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, காத்திருந்து பாக்கற விஷயம் இல்ல அது.

தோல் நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் நல்லா இருக்கும், உரிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கூட உக்காந்து கத்துக்கங்க. வேலியில தொங்க விடறதும் ரோட்டோரம் போடறதும் எனக்குப் பிடிக்காது, ராஞ்ச்காரர் சொல்ற இடத்துல புதைச்சிடறேன். இன்னொண்ணும் சொல்லணும், வருஷத்துக்கு நாலு சுட்டு கயோட்டிய ஒழிச்சிட்டோம்னு யாரும் நினைக்க வேண்டாம். காலியான இடத்துக்கு பக்கத்துல இருந்து இன்னொண்ணு வந்துடும். குட்டி போடற நேரத்துல பட்டிய ஒட்டித் திரியறதை எடுத்தா அந்த சில வாரம் ஆடுங்க தப்பிக்கும், ராஞ்ச்காரர் எதிர்பாக்கறதும் அவ்வளவுதான்.

ஒண்ணும் வரலன்னா அடுத்த ஸ்டாண்டுக்கு திறந்த வெளியா இருந்தா ஒரு மைல், புதர்க்காடா இருந்தா அரை மைல் தள்ளிப் போங்க, பத்து மணிக்குள்ள மூணு நாலு ஸ்டாண்டு உக்காரலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன நோட்டுல தேதி, மணி, காத்து எந்தப் பக்கம், எந்த சத்தத்துக்கு எங்க இருந்து வந்துதுன்னு எழுதி வைங்க, வரலன்னாலும் எழுதுங்க. ஒரு தடவை உக்காந்த இடத்துக்கு மூணு வாரம் போகாதீங்க, திரும்பப் போறப்ப வேற வழியில நடந்து போய் வேற சத்தத்தை எடுங்க. வெளிய வர்றப்ப ராஞ்ச் கேட்டை, உள்ள போறப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு, என்ன பாத்தீங்கன்னு ராஞ்ச்காரருக்கு ஒரு போன் போடுங்க, எதுவும் கிடைக்கலன்னாலும் கூட.